சிறிய அடுக்குமாடிக் குடியிருப்பு: குறைந்த செலவில் எதிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: வேளச்சேரி வாசி

அனைவருக்கும் வணக்கம். 20 வீடுகள் கொண்ட பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். பாதிக்கு மேற்பட்டோர் வாடகைதாரர்கள். காவலாளி சம்பளம், மோட்டார் செலவு போக மாதப் பராமரிப்புத் தொகையில் மிஞ்சுவது சொற்பமே. சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் விருப்பம் பலருக்கும் இருக்கிறது. ஆனால் கூட்டம் போட்டால் ஒருவர் சூரிய மின்தகடு என்கிறார், மற்றொருவர் மாடித்தோட்டம் என்கிறார், முடிவு மட்டும் எட்டப்படுவதில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் பங்கேற்கும்படி முதலில் எதைக் கையில் எடுக்கலாம்? குப்பையை இங்கேயே உரமாக்கினால் நாற்றமும் புழுவும் வரும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது நியாயமான அச்சமா?

பதில்: மாடித்தோட்டக்காரர், தாம்பரம்

ஐயா, என் கருத்தில் சமையலறைக் கழிவுதான் முதலில். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேல் மக்கக்கூடியதுதான்; அது நெகிழியோடு கலந்து பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கோ கொடுங்கையூர்க் கிடங்குக்கோ போனால், காற்றுப் புகாமல் அழுகி, எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயுவாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்ததை வேளச்சேரியில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாற்றத்திற்குக் காரணம் கழிவு அன்று, ஈரம். காய்கறித் தோலிலும் மீந்த சோற்றிலும் நீர் அதிகம் என்பதால், ஒவ்வொரு நாளும் போடும் கழிவின் மேல் குறைந்தது அதே அளவு காய்ந்த சருகையோ தென்னைநார்த் தூளையோ பரப்ப வேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் காற்று உள்ளே போகும்; தொடக்கத்தில் புளித்த மோர் சிறிது தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். அழுகல் வாடை வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். பல நாட்களாகியும் கழிவு அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. இறைச்சியையும் எலும்பையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள், எலித் தொல்லை இருக்காது. பக்கங்களில் துளையிட்ட பழைய பெரிய டிரம்கள் இரண்டு மூன்று இருந்தால் போதும். ஒன்று நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததற்கு மாறுங்கள். இரண்டு மாதங்களுக்குள் மண்வாசனையுள்ள உரம் கிடைக்கும். விலையுயர்ந்த இயந்திரம் எதையும் இப்போது வாங்க வேண்டாம்.

தெருவில் உதிரும் சருகைக் கூட்டி எரிப்பதை அன்றே நிறுத்திவிடலாம், ஏனெனில் உங்கள் டிரம்முக்குத் தேவையான பொருளே அதுதான்.

பதில்: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பருவமழைக்கு முன்பாகத் தண்ணீரைக் கவனிப்பதுதான் உங்கள் பணத்தை உடனடியாக மிச்சப்படுத்தும் என்பது என் உறுதியான எண்ணம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் உங்கள் கட்டடத்திலும் அமைப்பு இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது மண் அடைந்து, குழாய் உடைந்து, பெயரளவில் நிற்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். உங்கள் மொட்டைமாடி 2,400 சதுர அடி என்று கொண்டால், அதன் மேல் ஓராண்டில் 3 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது! 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

செப்டம்பருக்குள் மாடியைக் கூட்டி, வடிகுழாய்களைச் சீராக்கி, வடிகட்டும் தொட்டியிலுள்ள சல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவி மீண்டும் நிரப்புங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்து வருவதைக் கீழ்நிலைத் தொட்டிக்கோ பழைய கிணறு இருந்தால் அதற்கோ திருப்புங்கள். நீரைக் குழி வழியாக நிலத்தில் இறக்குவதானால், களிமண் பகுதியில் வெறும் குழி அதை உறிஞ்சாது. குழிக்குள் மணல் அடுக்குவரை துளையிட வேண்டியிருக்கும். அது ஒன்றுதான் செலவு பிடிக்கும் வேலை.

பதில்: ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர்

அம்மா, ஐயா என அனைவரையும் ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். விருப்பமுள்ள ஐந்தாறு வீடுகளோடு தொடங்குங்கள். வாடகைதாரருக்குக் கட்டடத்தில் கைவைக்க உரிமையில்லை, ஆனால் குப்பையைப் பிரிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. மாதவிடாய் அணையாடைகளையும் குழந்தைகளின் டயப்பரையும் தனியே காகிதத்தில் சுற்றித் தர வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதை வெறுங்கையால் பிரிப்பவர் நம்மைப் போன்ற ஒரு மனிதர்.

வளைகாப்பு, பிறந்தநாள் போன்றவற்றுக்கு எவர்சில்வர் தட்டும் தம்ளரும் பொதுவில் வாங்கி வைப்பதும் பயனுள்ளது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகள் 2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதைப் பலர் அறிவதில்லை.

வேளச்சேரி வாசி

மிக்க நன்றி. மாடியும் வடிகுழாயும் இந்த மாதமே, டிரம் அதன் பிறகு என்று கூட்டத்தில் முன்வைக்கிறேன். சூரிய மின்தகட்டை என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

அதை ஓராண்டு தள்ளி வையுங்கள். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக்கும் மானியம் உண்டு. ஆனாலும் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகை பெரிது. அதற்குள் படிக்கட்டு விளக்குகளை எல்இடிக்கு மாற்றி, பொது மின்கட்டண அட்டையில் ஒவ்வொரு முறையும் எத்தனை யூனிட் குறைகிறது என்று குறித்து வாருங்கள். எத்தனை கிலோவாட் தேவை என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.