புதுப்பிப்பு: எக்ஸ்-விங்கில் கப்பல்கள் மோதினால் என்ன ஆகும்?

போன வாரம் இதே இழையில், ஸ்டார் வார்ஸ் விண்கலப் பொம்மைகளை மேசைமேல் நகர்த்திச் சண்டையிடும் எக்ஸ்-விங் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் (2018) ஒரு கப்பல் இன்னொன்றின் மேல் போய் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். அந்த 2018 விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மறுபடி ஆடிப் பார்த்தோம். (2022-இல் மோதல் விதிகள் மாறின; இங்கே சொல்வதெல்லாம் 2018 விதிகள்.) நான் அங்கே எழுதிய ஒன்று தவறு, முதலில் அதைத் திருத்திவிடுகிறேன்.

மோதினால் கப்பலை டெம்ப்ளேட் (நகரும் பாதையைக் காட்டும் அட்டை) வழியே பின்னுக்கு இழுத்து, மற்றதைத் தொட்டபடி நிறுத்த வேண்டும். அந்தச் சுற்றில் அதற்கு, நகர்ந்தபின் செய்யும் குறி பார்ப்பது போன்ற கூடுதல் செயலான ஆக்‌ஷன் கிடையாது. ஆனால் நகர்வு முடிந்ததாகவே கணக்கு. அதனால் நீல நகர்வில் (எளிதான நகர்வு) மோதினாலும், கடின நகர்வால் சேரும் ஸ்ட்ரெஸ் டோக்கன் ஒன்று கழியும். கழியாது என்று எழுதியிருந்தேன், மன்னிக்கவும். இடிபட்ட கப்பலின் ஆக்‌ஷன் பறிபோகாது.

தொட்டு நிற்கும் இரண்டும் ஒன்றையொன்று சுட முடியாது, தூரம் பூஜ்ஜியம். வேறு எதிரியைத் தாராளமாகச் சுடலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. இனிஷியேட்டிவ் (யார் முதலில் நகர்வது என்று சொல்லும் எண்) குறைந்த கப்பல் முதலில் நகர்ந்து, அந்த எண் அதிகமான பெரிய பைலட்டின் வழியில் குறுக்கே நின்றாலே போதும், அவருடைய குறி பார்க்கும் வாய்ப்பே போய்விடும். நேற்று ஒரு சாதாரண டை ஃபைட்டர் கப்பல் அப்படித்தான் ஆட்டத்தையே திருப்பியது.

தூரம் அளப்பதிலும் கவனம் தேவை. எதிரிக் கப்பலின் மிக அருகான முனை நம் சுடும் வளைவுக்கு (நம் கப்பல் சுடக்கூடிய கோணப் பகுதி) வெளியே இருந்தால் அதை எடுக்கக் கூடாது. வளைவுக்குள் விழும் பகுதியில் எது அருகோ, அதுவரைதான் அளக்க வேண்டும். தூரம் ஒன்று என்று நினைத்தது இதனால் இரண்டாகி, தூரம் ஒன்றில் கிடைக்கும் கூடுதல் தாக்குதல் பகடை கிடைக்காமல் போகலாம்.