புதுப்பிப்பு: நெரூதா கவிதையைப் பாடும் அந்த ராக் குழு கிடைத்துவிட்டது

மலைக்குழலும் பியானோவும் டிரம்ஸும் கலந்த ஒரு நீண்ட ஸ்பானிஷ் ராக் பாட்டு யாருடையது, வரிகள் எந்தக் கவிதையிலிருந்து என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி.

குழு சிலி நாட்டின் லோஸ் ஹைவாஸ். ஆல்பம் 'அல்துராஸ் தே மாச்சு பிச்சு', 1981. வரிகள் சிலிக் கவிஞர் பாப்லோ நெரூதாவின் அதே பெயர்க் கவிதை, 1950இல் வந்த 'கான்டோ ஹெனரல்' நூலில் 12 பகுதிகளாக இருக்கிறது.

பாட்டுத் தலைப்பைக் கவிதைப் பகுதிகளின் முதல் வரியோடு ஒப்பிடுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் வேலை செய்தது. 'ஆகிலா சிதெரால்' 9ஆம் பகுதி, 'சூபே அ நாசேர்' 12. நான் தேடிய 11 நிமிடப் பாட்டு 'லா போதெரோசா முவெர்தே', அது 4ஆம் பகுதி, ஆனால் 6ஐயும் இழுத்துக்கொள்கிறது. 'ஆன்திகுவா அமெரிக்கா' மட்டும் இந்த வழியில் சிக்காது, அந்தச் சொற்கள் 10ஆம் பகுதியின் நடுவில் வருகின்றன.

எதிர்பாராதது: இந்த ஆல்பத்தைப் பெரு நாட்டு மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவிலேயே வைத்துப் படமாக்கியிருக்கிறார்கள், தொகுத்து வழங்குவது பெரு நாவலாசிரியர் மரியோ வர்காஸ் யோசா! ஆல்பத்துக்கு முன் அதைப் பார்ப்பது நல்லது என்பேன், அந்த இடிபாடுகளுக்கு நடுவே பியானோவைப் பார்த்த பிறகு பாட்டு வேறு மாதிரி கேட்கிறது.