ஊரை விட்டுப் போனவர்களை எப்படிக் கணக்கெடுப்பது?

களக்காட்டுக்காரி:
நெல்லை மாவட்டத்தில், களக்காடு பக்கம் ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு பிள்ளைகள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வண்டியேறிவிடுகிறார்கள். இன்ஜினியரிங் படித்தவர்கள் என்றால் பெங்களூர். வரும் கிராமசபையில் இதைப் பேசப்போகிறார்களாம். வழக்கம்போல ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கலையாமல், இந்தத் தடவையாவது கையில் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று நினைக்கிறேன். எந்த வயதில், என்ன படித்துவிட்டு, எங்கே போனார்கள்? ரேஷன் கார்டைப் பார்த்தால் எல்லோரும் ஊரில்தான் இருக்கிறார்கள்! மும்பையில் வீடு வாங்கிவிட்டவர் பெயரும் அதில் இருக்கிறது. என்னிடம் வரும் சான்றிதழ் விண்ணப்பங்களைப் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். ஆனால் அது முறையில்லை என்று படுகிறது. வேறு வழி இருக்கிறதா?

பாளை பென்ஷனர்:
விண்ணப்பங்களைத் தொடாதீர்கள் அம்மா. அவர்கள் எதற்குக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் அந்த விவரம். புள்ளியியல் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சென்சஸும் உங்களுக்கு உதவாது. ஒருவரை அவர் இருக்கும் இடத்தில் வைத்துத்தான் அது எண்ணும். உங்கள் ஊர்ப் பையன் திருப்பூர்க் கணக்கில் 'வெளியிலிருந்து வந்தவன்'. வெளியாகும் அட்டவணையில் அவன் கிராமத்தின் பெயரைத் தேட முடியாது. கையில் இருப்பதும் 2011 கணக்கு, தென்காசி தனி மாவட்டமாகாமல் நம்மோடு இருந்த காலத்தது. அதில் நெல்லை மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள். ஆண்கள் வெளியூர் போவது அதில் சாடையாகத் தெரியும், அவ்வளவுதான்.

கேரளத்தில் 1998-இலிருந்து சில வருடங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், "இந்த வீட்டிலிருந்து யார் வெளியே இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2015-இல் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. நீங்களும் அதையே கேளுங்கள். கல்யாணமாகிப் போன பெண்களை மட்டும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். நம் நாட்டில் பெண்கள் இடம் மாறுவது பெரும்பாலும் கல்யாணத்தால்தான். எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்தால், ஊரே வேலை தேடி ஓடியதுபோல் தெரியும்.

வியாசர்பாடி கடைக்காரன்:
அக்கா, கணக்கு ஏற்கனவே இருக்கிறது. கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, வரி எழுதும் நோட்டைக் கேட்டுப் பாருங்கள். நான் சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன், ஆனாலும் அம்மன் கொடைக்கு என் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஆண் பெயரில் எழுதும் வரி) வருஷா வருஷம் போய்விடும், இப்போது ஜிபேயில். பெயருக்கு நேரே 'சென்னை', 'பம்பாய்', 'துபாய்' என்று குறித்திருப்பார்கள். பங்குனி உத்திரத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்து மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவர்கள் கும்பிட வரும் குலதெய்வம் சாஸ்தா இருக்கும் ஊர் வேறு, வீடு இருக்கும் ஊர் வேறு.

களக்காட்டுக்காரி:
வரி நோட்டு நல்ல யோசனை அண்ணாச்சி, எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அது ஒரு தெருக்காரர்களின் கோயில். கீழத்தெரு அதில் வராது. தனியாகப் போய் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகளும் வரமாட்டார்கள், அவர்களுக்கு ஏது தலைக்கட்டு? வீடு வீடாகப் போகத்தான் வேண்டும். நோட்டை வைத்துச் சரிபார்த்துக்கொள்கிறேன்.

குற்றாலச் சாரல்:
போனவர்களை மட்டும் கேட்டால் பாதிக் கணக்குதான். திரும்பி வந்தவர்களையும், போகாமலே இருப்பவர்களையும் கேளுங்கள். நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டுத் தென்காசிக்கு வந்தவள். பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி 2011-இல் வந்தபோது, இங்கே யார் வேலைக்கு வருவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. வேலை இருந்தால் வருவார்கள்தான், ஆனால் அது மட்டும் போதாது. என் தோழி ஒருத்திக்கு நெல்லை பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. ஷிப்ட் முடிந்து நெல்லை ஜங்ஷன் வந்து சேர்வதற்குள் அவள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். மூன்று மாதத்தில் விட்டுவிட்டாள், இப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். உங்கள் கணக்கில் இவள் 'வேலைக்காகப் போனவள்' என்றுதான் வருவாள். "பக்கத்தில் வேலை கிடைத்ததா, கிடைத்தும் ஏன் விட்டீர்கள்?" என்று ஒரு வரி சேருங்கள். கிராமசபையால் கம்பெனி கொண்டுவர முடியாது, பஸ்ஸுக்குத் தீர்மானம் போட முடியும்.

களக்காட்டுக்காரி:
சேர்த்துவிட்டேன். அரைப் பக்கத் தாள். பெயர், போன் நம்பர், சாதி, சம்பளம் எதுவும் கிடையாது. வயது, படிப்பு, போன ஊர், போன வருஷம், பக்கத்தில் கிடைத்த வேலை, விட்ட காரணம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருவில் தொடங்குகிறேன். வரி நோட்டைத்தான், அதை வைத்திருக்கும் எங்கள் ஊர் அண்ணாச்சி தரமாட்டேன் என்கிறார். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறதாம்.