பெல்ட் கிரைண்டருக்கு மோட்டார்: சிங்கிள் பேஸ் போதுமா, த்ரீ பேஸும் டிரைவும் வேண்டுமா?

மேலூர்ப் புதுக்கத்தி:
2 இன்ச் அகலம், 72 இன்ச் சுற்று பெல்ட் ஓடுகிற கிரைண்டர் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பிரேம் வெல்டிங் முடிந்தது, வீல்களை கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் கடையக் கொடுத்திருக்கிறேன், மோட்டார்தான் பாக்கி. வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்ட். லாரி ஸ்பிரிங் பட்டையில் சமையல் கத்தியும் சின்ன அரிவாளும் செய்வேன். பழைய மோட்டார் ஒன்று கிடைக்கிறது, 2 எச்பி, த்ரீ பேஸ், 1440 ஆர்பிஎம். சிங்கிள் பேஸ் கரண்டை த்ரீ பேஸாக்கி வேகத்தையும் மாற்றித் தரும் டிரைவ் பெட்டியோடு சேர்த்து இதை வாங்கலாமா?

வைகைக்கரை:
வேண்டாம் தம்பி. 1.5 எச்பி சிங்கிள் பேஸ், கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டார் வாங்கி மூன்று படி புல்லி போடுங்கள், மூன்று வேகம் கிடைக்கும், வேலை முடிந்தது. கெப்பாசிட்டர் போனால் எந்த ஊர் எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும், மாற்ற ஐந்து நிமிடம். டிரைவ் போர்டு போனால் மேலூரில் யாரைக் கூப்பிடுவீர்கள்? யூடியூபில் வெளிநாட்டுக்காரன் செய்வதைப் பார்த்துவிட்டு எல்லோரும் இதையே சொல்கிறார்கள்.

கப்பலூர் பிட்டர்:
அண்ணே, அந்த மோட்டாரில் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட் கெப்பாசிட்டரைத் துண்டிக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் என்று ஒன்று உள்ளே இருக்கிறதே, அதில் இரும்புத் தூள் போய் ஒட்டினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டே நிற்கும், கவனிக்காமல் விட்டால் காயில் கருகும். கிரைண்டருக்கு எந்த மோட்டார் போட்டாலும் முழுக்க மூடிய பாடி, பின்னால் ஃபேன் வைத்தது, அதுதான் வேண்டும்.

வேகம்தான் முக்கியமான விஷயம். மோட்டார் ஷாஃப்டில் 4 இன்ச் வீலை நேராக மாட்டினால் 1440 ஆர்பிஎம்மில் பெல்ட் நிமிடத்துக்குச் சுமார் 1500 அடி ஓடும். முரட்டு வேலைக்கு இது குறைவு, துவைச்சல் போட்ட (காய்ச்சி முக்கிப் பதமேற்றிய) கத்தியின் முனையைத் தீட்டும்போது இதே வேகம் அதிகம், சூடேறிப் பதம் போய்விடும். டிரைவ் இருந்தால், லைனில் 50 ஆக வரும் ஹெர்ட்ஸை மாற்றி, 15 ஹெர்ட்ஸில் 450 அடிக்கு இறக்கலாம், 80 ஹெர்ட்ஸ் வைத்தால் 2400 அடிவாக்கில் போகும். 50க்கு மேலே போகப் போக இழுவை குறையும் என்பது உண்மைதான், ஆனால் 2 எச்பி இருக்கும்போது 2 இன்ச் பெல்ட்டுக்கு அது தெரியாது. புல்லியில் பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கத்திக்கும் நான்கு தடவை யார் வேகம் மாற்றுவது? இரண்டு நாளில் சலித்துப்போய் ஒரே வேகத்தில்தான் ஓட்டுவார்கள்.

திருப்பாச்சேத்திப் பக்கம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் தலைமுறையாக அரிவாள் அடிக்கிறார்கள், எந்தப் பட்டறையிலும் ஹெர்ட்ஸ் கணக்குப் பார்த்து யாரும் தீட்டியதில்லை. பதம் போவது வேகத்தால் மட்டும் இல்லை. தேய்ந்த பெல்ட்டை வைத்து அழுத்தினால் எந்த வேகத்திலும் சூடு ஏறும். புதுப் பெல்ட், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், கையுறை இல்லாத கை, இது போதும். விரல் பொறுக்காத சூடு வந்தாலே தண்ணீரில் முக்கிவிட வேண்டும். இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வருவதே 200 டிகிரி தாண்டித்தான், நீலம் 300 பக்கம். நீலம் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எந்த டிரைவ் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.

கப்பலூர் பிட்டர்:
பெல்ட், தண்ணீர் எல்லாம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிவாளின் கனம் வேறு, சமையல் கத்தியின் கனம் வேறு. முனையில் அரை மில்லி கூட இல்லாத இடத்தில் சூடு ஒரு நொடியில் ஏறும், விரலுக்குத் தெரிவதற்குள் நிறம் மாறிவிடும். அரிவாளுக்குச் சொல்கிற கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

ஆரப்பாளையம்:
பழைய டிரெட்மில் மோட்டார் போடலாமே? டிசி மோட்டார், வேகம் மாற்றும் போர்டும் கூடவே வரும்.

கப்பலூர் பிட்டர்:
அதன் பாடியில் காற்றுப் போக ஓட்டை இருக்கும், தூளை அப்படியே உறிஞ்சும். மேலே எழுதியிருக்கிற எச்பியையும் நம்பாதீர்கள். சும்மா பழகிப் பார்க்க என்றால் போடுங்கள்.

காயில் கட்டுபவன்:
ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். தம்பி, அந்த மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். நம் ஊரில் 2 எச்பி வரை வரும் த்ரீ பேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட், ஸ்டார் கனெக்‌ஷன். ஸ்டார் என்றால் மூன்று காயிலின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிச்சுப் போட்டது. சிங்கிள் பேஸ் வாங்கும் டிரைவ் வெளியே தருவது 230 வோல்ட் த்ரீ பேஸ். அப்படியே மாட்டினால் மோட்டார் ஓடும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், ஆனால் 28 ஹெர்ட்ஸ் தாண்டியதும் வலு போய்விடும், கத்தியை அழுத்தினால் நின்றுவிடும். டெல்டாவுக்கு, அதாவது மூன்று காயிலையும் முக்கோணமாக இணைக்கிற முறைக்கு, மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருந்தால் தகட்டை மாற்றிப் போட்டால் போதும். மூன்று வயர்தான் வெளியே வருகிறது என்றால் உள்ளே ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறாக வெளியே எடுக்க வேண்டும், பழைய காயிலில் வார்னிஷ் இறுகியிருந்தால் அது நோண்டுகிற வேலை. 3 எச்பிக்கு ஆசைப்படாதீர்கள், அதெல்லாம் 415க்கே டெல்டாவில் வரும், மாற்ற வழியில்லை, காயிலையே புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

வைகைக்கரை:
பார்த்தீர்களா, மோட்டாரைத் திறக்க வேண்டும், டிரைவ் வாங்க வேண்டும், இன்னும் என்னென்ன! சாயங்காலம் உங்கள் பக்கம் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் டிரைவ் டிரிப் ஆகி நிற்கும், அதையும் எழுதுங்கள்.

காயில் கட்டுபவன்:
நிற்கும், நிற்பது நல்லது அண்ணே. அதே 180இல் உங்கள் கெப்பாசிட்டர் மோட்டார் நிற்காமல் சூடேறி என் கடைக்கு வரும். அதோடு 1.5 எச்பி சிங்கிள் பேஸ் நேராக ஸ்டார்ட் ஆகும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், வீட்டு லைட் எல்லாம் மங்கும். டிரைவ் மெதுவாக ஏற்றும். ஆனால் டிரைவை கிரைண்டர் பக்கத்தில் திறந்து வைத்தால் ஆறு மாதம் கூடத் தாங்காது, மூடிய பெட்டியில் வைத்து எர்த்தை ஒழுங்காகக் கொடுங்கள். அப்புறம், குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் பின்னால் இருக்கும் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும், பாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

மேலூர்ப் புதுக்கத்தி:
மோட்டாரைப் போய்ப் பார்த்தேன். 415 ஸ்டார், மூன்று வயர்தான். விற்பவர் விலையில் இறங்க மாட்டேன் என்கிறார்.

வைகைக்கரை:
நான் அப்பவே சொன்னேன்.

காயில் கட்டுபவன்:
ஆறு முனை எடுக்க ஆகும் கூலியை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு ஆறு முனை இருக்கிற வேறு மோட்டார் தேடுங்கள், அவசரம் இல்லையே.