அப்பாவுக்கு எல்கியூடி1, மகன் ஈசிஜி 'நார்மல்': நீச்சலுக்கு அனுப்பலாமா?

பொங்கோல் அம்மா:
கணவருக்கு நீள் கியூடி (ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் மின்நிலை மீளத் தாமதமாகி, திடீர்த் துடிப்புக் கோளாறு வரக்கூடிய பரம்பரை நோய்), அதில் கேசிஎன்கியூ1 என்ற மரபணுவின் மாற்றத்தால் வரும் எல்கியூடி1 வகை என்று உறுதியாகிவிட்டது. மெட்டோப்ரொலால் என்ற பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுகிறார். மகன் தொடக்கநிலை 3. அவன் ஈசிஜியில் கியூடிசி (துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய கியூடி நேரம்) 447 மில்லிவிநாடி, 'நார்மல்' என்று அச்சாகியிருக்கிறது. அடுத்த மாதம் பள்ளி நீச்சல் வகுப்பு. அனுப்பலாமா?

ஈசிஜி மேசை:
இப்போதைக்கு வேண்டாம். மெஷின் அடித்த வரியை விடுங்கள். ஈசிஜி வரைகோடுகளில் இரண்டாம் லீட் என்பதில் கையால் அளக்கச் சொல்லுங்கள். கியூ அலை தொடங்கும் இடத்திலிருந்து கணக்கு; துடிப்பின் கடைசியில் வரும் டி அலை இறங்கும் சரிவை ஒட்டிக் கோடு இழுத்து, அது அடிக்கோட்டைத் தொடும் இடம்வரை. சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லிவிநாடி. துடிப்பு நிமிடத்துக்கு 75 என்றால் ஆர்ஆர் (இரு துடிப்புக்கு இடைப்பட்ட நேரம்) 0.8 விநாடி, அதன் வர்க்கமூலம் 0.894. பத்துக் கட்டம் வந்தால் 400ஐ 0.894ஆல் வகுக்க 447. அரைக் கட்டம் பிசகினால் அதுவே 470!

சரியாக அளந்தாலும் தீராது. கேசிஎன்கியூ1 செய்யும் பொட்டாசியம் வாய்க்கால் (இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் கதவு) முக்கியமாக அட்ரினலின் ஏறும்போதுதான் கைகொடுக்க வேண்டும். படுத்திருக்கும் பிள்ளையிடம் அதன் குறை தெரியாமல் போகலாம். ஓட்டச் சோதனை கேளுங்கள்: ஓடி நிறுத்திய நான்காவது நிமிடத்தில் கியூடிசி 480ஐத் தொட்டால் சந்தேகம் வலுக்கும். எல்கியூடி1க்கு நீச்சல்தான் பேர்போன ஆபத்து. திடீர்ச் சத்தம், அலாரம் எல்லாம் இன்னொரு வகையான எல்கியூடி2 சங்கதி.

மரபணு வாசகன்:
முடிவு சொல்வது மரபணுச் சோதனைதான். பிள்ளைக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பாவிடம் கண்ட அதே மாற்றத்தை மட்டும் தேடினால் போதும். ஆனால் அவர் அறிக்கையில் 'நோய் உண்டாக்குவது' என்று இருக்கிறதா, 'பொருள் தெளிவில்லாதது' என்றா? இரண்டாவது என்றால் மகனுக்கு 'இல்லை' என்று வந்தாலும் நிம்மதிப்பட முடியாது.

மருந்துப் பெட்டி:
முடிவு வரும்வரை அவனுக்கும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இருமலுக்கு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், வாந்திக்கு டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான்: இவை ஹெர்க் என்ற இன்னொரு பொட்டாசியம் வாய்க்காலை அடைக்கும். ஒரு கதவு ஏற்கெனவே பழுது, மற்றதையும் சாத்தினால்? பலதுறை மருந்தகமோ புளோக்குக்குக் கீழே உள்ள மருந்தகமோ, மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கும், கவனம். அதிமதுரக் கஷாயமும் சீன மருந்துக்கடை அதிமதுரமும் வேண்டாம்; அதிகமானால் பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும்.

பொங்கோல் அம்மா:
கணவரின் மாத்திரை பரவாயில்லையா?

மருந்துப் பெட்டி:
இந்த நோய்க்கு நாடொலால் அல்லது புரோப்ரனலால்தான் முதல் தேர்வு; மெட்டோப்ரொலால் அவ்வளவு காப்பதில்லை. இதய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவேண்டாம். திடீரென விட்டால் மோசம்.

ஈசிஜி மேசை:
பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். ஓடும்போதோ நீரிலோ மயங்கி, கைகால் வெட்டி இழுத்தால் 'வலிப்பு' என்று காத்திருக்கக்கூடாது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் 995க்கு (ஆம்புலன்ஸ்) அழைப்பு, நெஞ்சழுத்தம், ஏஇடி (இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவி). நீரிலிருந்து தூக்கியதும் ஏஇடி ஒட்டும் முன் நெஞ்சை நன்றாகத் துடைக்க வேண்டும்; ஈரத்தில் பட்டை பிடிக்காது.