குச்சி இல்லாத ராக்கெட்

குழு: உடன்குடி வீடு

வெள்ளி

செந்தில், காலை 7:12
[படம்]
நிலா பிறந்தநாளுக்கு வாங்குன ராக்கெட் செட். எஸ்டஸ் கம்பெனியோட ஆல்பா. அட்டைக் குழாய், பால்சா மரத்துல மூணு இறக்கை, பிளாஸ்டிக் மூக்கு, ஒரு பாராசூட். நாலு நாளா ராத்திரி எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில இதுதான் நடக்கு. சனிக்கிழமை காலையில இங்க அமெரிக்காவுல விடப்போறோம். உங்களுக்கு அப்ப சாயங்காலம் ஏழு மணி.

அம்மா, காலை 7:20
[குரல் செய்தி 0:24]

கோமதி, காலை 7:22
அம்மாவுக்கு ஒரே பயம். பிள்ளையை நெருப்புக்கிட்ட விடாதங்கா.

சுப்பையா மாமா, காலை 7:31
மருமகனே, குச்சியக் காணோமே? குச்சி இல்லாம எப்படி நேரா ஏறும்? நாப்பது வருசம் சிவகாசியில இதே தொழில். குச்சி ஒரு சாண் ஒடிஞ்சாலே ராக்கெட் பக்கத்து வீட்டுக் கூரைக்குத்தான் போவும்.

செந்தில், காலை 7:38
குச்சி பாக்குற வேலையைத்தான் மாமா இறக்கை பாக்குது. எடை சமமா நிக்கிற இடம் முன்னால இருக்கணும், காத்து பிடிக்கிற இடம் பின்னால இருக்கணும். நடுவுல குறைஞ்சது குழாயோட ஒரு குறுக்களவு இடைவெளி வேணும். இதோட குறுக்களவு 25 மில்லிமீட்டர். உங்க ராக்கெட்டுல குச்சி நீளமா பின்னால நிக்கறதால காத்து பிடிக்கிற இடம் தானா பின்னுக்குப் போயிருது.
நீங்க பாட்டில்ல நட்டு விடுவீங்க. இங்க மூணடி இரும்புக் கம்பி. குழாய்ல ஒட்டியிருக்க சின்னக் குழல் அந்தக் கம்பியில வழுக்கி ஏறும். இறக்கைக்குப் பிடி கிடைக்கிற அளவு வேகம் வர்ற வரைக்கும் கம்பிதான் வழி காட்டும்.

அப்பா, காலை 7:50
2024 பிப்ரவரி 28-ல நம்ம குலசேகரப்பட்டினத்துல ரோகிணி ராக்கெட் விட்டாங்கல்லா, ஆர்எச் 200. அந்த 200-ங்கது அதோட குறுக்களவு, மில்லிமீட்டர்ல. அதுக்கும் வாலுல இறக்கைதான். நிலாவோடது எட்டுல ஒரு பங்கு. பரவாயில்ல, நல்ல அளவுதான்.

செந்தில், காலை 8:02
அப்பா, நேத்து ஒரு தப்பு நடந்துட்டு. மோட்டார், அதாவது மருந்து அடைச்சு வர்ற சின்னக் குழல், அது உக்காருற கூட்டைக் குழாய்க்குள்ள பசை போட்டுத் தள்ளணும். நிலா பாதி தள்ளிட்டு, சரியா போவுதான்னு பாக்க ஒரு நொடி நிறுத்துனா. அவ்வளவுதான், பசை பிடிச்சுக்கிட்டு. கண்ணுல தண்ணி வந்துட்டு பிள்ளைக்கு. பழைய மோட்டார் கூட்டை வச்சு நான் மெதுவா தட்டித் தட்டி இறக்குனேன். பசை தடவுனா ஒரே தள்ளுல முடிச்சிரணும்.

கவின், காலை 8:05
செந்தில் மாமா, தீபாவளிக்கு வரும்போது எனக்கு ரெண்டு மோட்டார் கொண்டு வாங்க. மத்ததெல்லாம் நானே செஞ்சுக்கிடுவேன்

செந்தில், காலை 8:07
விமானத்துல ஏத்த விடமாட்டாங்க கவின். கைப்பையிலயும் கூடாது, பெட்டியிலயும் கூடாது.

கவின், காலை 8:09
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி, காலை 8:10
நீக்குனா? நான் படிச்சிட்டேன். தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அடைக்கப்போறானாம். மாமா, நீங்களே இவன்கிட்டச் சொல்லுங்க.

சுப்பையா மாமா, காலை 8:34
கவின், தாத்தா சொல்லுததை முழுசா படி. தீக்குச்சி மருந்து எதுக்கு இருக்கு? உரசுனா பத்துறதுக்கு. அதைச் சுரண்டறதும் உரசல், இடிச்சு அடைக்கறதும் உரசல். லைசென்ஸ் உள்ள பட்டறையிலயே மருந்து அறைக்குள்ள நாலு பேருக்கு மேல இருக்கக்கூடாது. உள்ள போறதுக்கு முன்ன வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போணும், உடம்புல இருக்க மின்சாரம் இறங்குறதுக்கு. பருத்தித் துணிதான் உடுத்தணும். இரும்பு ஒண்ணும் கையில இருக்கக்கூடாது. இத்தனையும் பாத்தும் வீடு திரும்பாத ஆட்களை எனக்குப் பேர் சொல்லித் தெரியும். என் கூடப் படிச்சவன் ஒருத்தன் உன் வயசுல குழாய்ல மருந்து கெட்டிச்சான். வலது கையில ரெண்டு விரலோடதான் இன்னைக்கும் கையெழுத்துப் போடுதான். மருந்தைத் தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடு.

செந்தில், காலை 8:51
மாமா சொல்லுததுக்காகத்தான் இந்த விளையாட்டே பிறந்தது கவின். 1957-ல சோவியத்தோட ஸ்புட்னிக் செயற்கைக்கோள் போனதும் அமெரிக்காவுல பிள்ளைகள் வீட்டுலயே மருந்து அடைக்க ஆரம்பிச்சு நெறைய பேர் காயம்பட்டாங்க. அதுக்கு மூணு வருசம் முன்னயே, 1954-ல, நெப்ராஸ்காவுல செருப்புக்கடை வச்சிருந்த ஆர்வில் கார்லைல், கழட்டி மாட்டுற மோட்டாரும் பாராசூட்டும் வச்ச சின்ன ராக்கெட்டைச் செஞ்சிட்டார். அந்த மோட்டாரை ஒரே மாதிரி நிறைய செய்ய ஆள் தேடினப்ப கிடைச்சவர் வெர்னான் எஸ்டஸ். அவர் செஞ்ச இயந்திரத்துக்கு மேபல்னு பேரு. மாமா, அவர் வீட்டுத் தொழில் என்ன தெரியுமா? பட்டாசு.

சுப்பையா மாமா, காலை 8:53
பட்டாசுக்காரன் வீட்டுப் பிள்ளையா. அப்ப நல்லாத்தான் செஞ்சிருப்பான்.

கவின், காலை 9:15
வாக்கு தாத்தா. தொடமாட்டேன்

சனி

செந்தில், மாலை 6:41
பூங்காவுக்கு வந்துட்டோம். காத்து லேசு. புல் காஞ்சு கிடக்கு, அதனால தண்ணி வாளி கொண்டாந்திருக்கேன். கவுண்டியில நெருப்புத் தடை போட்டிருக்காங்களான்னு காலையிலயே பாத்துட்டேன், இல்ல.
முதல்ல ஏ8-3 மோட்டார். எழுத்து ஒண்ணு ஏறினா பலம் ரெண்டு மடங்கு. 8-ங்கது சராசரி உந்துவிசை, நியூட்டன்ல. 3-ங்கது எரிஞ்சு முடிச்சு பாராசூட் வெளிய வர்றதுக்கு நடுவுல எத்தனை நொடிங்கது. ஏ-வுக்கு 100 அடி மைதானம் போதும், பி-க்கு 200, சி-க்கு 400 வேணும்.

அம்மா, மாலை 6:44
[குரல் செய்தி 0:17]

கோமதி, மாலை 6:45
பாராசூட்டுக்குப் பவுடர் போட்டியான்னு கேக்காங்க அம்மா

செந்தில், மாலை 6:46
போட்டாச்சு, நீங்க அனுப்புன குட்டிக்குராதான். பிளாஸ்டிக் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம விரியும். அதுக்கு அடியில தீப்பிடிக்காத பஞ்சுத்தாள் வச்சிருக்கு. சாதா டிஷ்யூ வச்சா எரிஞ்சுகிட்டே புல்லுல விழும், வைக்கவே கூடாது.

செந்தில், மாலை 7:03
பத்தல. பொத்தானை அமுக்குனா ஒண்ணும் நடக்கல.

சுப்பையா மாமா, மாலை 7:03
கிட்டப் போவாத. பிள்ளையை விடாத.

செந்தில், மாலை 7:05
போவல மாமா. பத்தவைக்கிற பெட்டியோட சாவியை உருவிட்டு 60 நொடி காத்திருக்கணும்னு விதி. நிலா சத்தமா தமிழ்ல எண்ணுனா, அம்பத்தி ஒம்போதுல மட்டும் தடுமாறுனா. போய்ப் பாத்தா பத்தவைக்கிற கம்பியோட ரெண்டு கிளிப்பும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு.

சுப்பையா மாமா, மாலை 7:06
அந்த 60 நொடிக்கு உன் பிள்ளைக்கு ஒரு முத்தம் குடு. பத்தாத வெடிகிட்டக் குனிஞ்சு கண்ணை இழந்த பிள்ளைகளைத் தீபாவளிக்குத் தீபாவளி பாக்கேன்.

செந்தில், மாலை 7:14
[வீடியோ 0:19]
போச்சு!!

கவின், மாலை 7:14
ஐயோ சூப்பர்

கோமதி, மாலை 7:15
எங்க போச்சுன்னே தெரியலயே, சர்ருன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்

அப்பா, மாலை 7:16
நிலா கோணம் எடுத்தாளா?

செந்தில், மாலை 7:18
எடுத்தா. பாகைமானியில நூல் கட்டி நட்டு ஒண்ணு தொங்க விட்டிருக்கா. 200 அடி தள்ளி நின்னு பாத்தா, 58 டிகிரி.

அப்பா, மாலை 7:19
டேன் 58 = 1.6. அதை 200-ஆல பெருக்குனா 320 அடி. நம்ம ஊர் பனையை அஞ்சாறு அடுக்குனாப்புல இருக்கும்.

செந்தில், மாலை 7:40
அடுத்தது பி6-4. 72 டிகிரி.

அப்பா, மாலை 7:43
616 அடி வருது. ஆனா இந்தக் கணக்கை நான் ஒத்துக்கிட மாட்டேன். 72-க்குப் பதிலா 73-ன்னு படிச்சிருந்தா 654. ஒரு டிகிரிக்கு 38 அடி வித்தியாசம்! கிட்ட நின்னு அண்ணாந்து பாத்தா அப்படித்தான். அடுத்த தடவை 500 அடி தள்ளி நிக்கச் சொல்லு, கோணம் அம்பதுக்குப் பக்கத்துல வரும்.

செந்தில், மாலை 7:50
சரிப்பா. பாராசூட் காத்துல ரொம்ப தூரம் இழுத்துட்டுப் போயிட்டு. ஓக் மரத்துக்கு ரெண்டடி இந்தப் பக்கம்தான் விழுந்துச்சு. நடுவுல வட்டமா ஒரு ஓட்டை வெட்டுனா சீக்கிரம் இறங்கும்னு நிலா சொல்லுதா.

திங்கள்

செந்தில், காலை 7:30
நேத்து நிலா ரெண்டாவது ராக்கெட் ஒண்ணு செஞ்சா. இறக்கையைச் சின்னதாக்குனா காத்துத் தடை குறையும், இன்னும் உயரம் போவும்னு அவ எண்ணம். பாதியா வெட்டிட்டா. மரத்தோட ரேகை இறக்கையோட முன்விளிம்புக்கு இணையா இருக்கணும்னு மட்டும் நான் சொன்னேன், குறுக்க போனா காத்துல ஒடிஞ்சிரும். உப்புத்தாள் வச்சு முன்விளிம்பை உருட்டா தேய்ச்சு, பின்விளிம்பைக் கத்தி மாதிரி எடுத்திருக்கா. விரலால தடவிப் பாத்தேன், வாழைப்பட்டை மாதிரி வழுவழுன்னு இருக்கு.
ஆனா விடல. மோட்டாரை உள்ள வச்சு, எடை சமமா நிக்கிற இடத்துல நூலைக் கட்டி, தலைக்கு மேல சுத்திப் பாத்தோம். மூக்கு முன்னால வரணும். வரல, வால் முன்னால வந்து குடைசாய்ஞ்சுட்டு. வானத்துல இதையே செஞ்சிருந்தா யார் மேல பாஞ்சிருக்கும்?

அப்பா, காலை 7:41
இறக்கையைக் குறைச்சதும் காத்து பிடிக்கிற இடம் முன்னுக்கு வந்துட்டு.

செந்தில், காலை 7:44
அதான்பா. நிலா மூக்குக்குள்ள களிமண் உருண்டை வச்சா, எடை முன்னுக்கு வர. ரெண்டு தடவை சுத்தியும் சரியா வரல, மூணாவது உருண்டைக்கு நேரா வந்துட்டு. இப்போ எடை கூடிட்டுல்லா, இறக்கையைக் குறைச்சதுல கிடைச்சதை உருண்டை தின்னுட்டா இல்லையான்னு அடுத்த சனிக்கிழமை கோணம் எடுத்தாத்தான் தெரியும்.

கவின், காலை 7:52
நிலா கிட்டச் சொல்லுங்க, நான் தண்ணி ராக்கெட் செய்யுதேன். ரெண்டு லிட்டர் பாட்டில், சைக்கிள் பம்ப், கார்க்குல வால்வு. தாத்தா ஐடியா குடுத்தாங்க

அப்பா, காலை 7:55
மூணுல ஒரு பங்குதான் தண்ணி. பாட்டிலைச் சூடு காட்டவோ வெட்டவோ கூடாது, கீறல் இருந்தா தூரப் போடு. பம்ப் குழாயை நீளமா வச்சுக்க, அடிக்கும்போது தள்ளி நிக்கணும். இறக்கை அட்டையில வெட்டு. நிலா சுத்துன மாதிரி நீயும் நூல் கட்டிச் சுத்திப் பாரு, ஆனா பாட்டில்ல தண்ணி இல்லாம.

கவின், காலை 7:57
ஏன் தண்ணி இல்லாம?

அப்பா, காலை 8:01
தண்ணி அரை நொடியில வெளிய போயிரும். மிச்ச தூரமெல்லாம் வெறும் பாட்டில்தான் பறக்கும். அதுதான் நேரா போணும்.

சுப்பையா மாமா, காலை 8:10
இது மருந்து இல்லாத ராக்கெட். இதை நானும் வந்து பாக்கேன். எங்க விடப்போற?

அப்பா, காலை 8:12
தேரிக்காட்டுல. செம்மணல்ல விழுந்தா பாட்டில் உடையாது. ஞாயித்துக்கிழமை வெயில் தாழ நாலரைக்கு. பனைமரத்துக்குத் தள்ளி நிக்கணும், ஓலையில மாட்டுனா ஏறி எடுக்க ஆள் தேடணும்.

அம்மா, காலை 8:15
[குரல் செய்தி 0:09]

கோமதி, காலை 8:16
சுப்பையா மாமா வர்றதா இருந்தா கருப்பட்டி எடுத்து வைக்காங்களாம்

செந்தில், காலை 8:20
கவின், கோணம் எடுக்க மறந்துராத. 200 அடி தள்ளி நில்லு. நிலா நோட்டுல உனக்கு ஒரு பக்கம் விட்டு வச்சிருக்கா.