புதுப்பிப்பு: பனியன் கம்பெனிக்குப் போன பக்கத்து வீட்டுத் தம்பி

மே மாதம் இங்கே கேட்டிருந்தேன்: பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் மட்டும் போய்விட்டது, அப்பா இல்லாத பையன், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறான், எப்படித் திரும்பப் படிக்க வைப்பது என்று. துணைத்தேர்வு எழுதித் தேறிவிட்டான்!

போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும் என்பதே அவன் அம்மாவுக்குத் தெரியாது. ஆறு பாடமும் மறுபடி எழுதணும் என்று பயந்திருக்கிறார். அது தெளிந்ததும் பாதி பாரம் இறங்கியது. மீதி அவன் உழைப்பு. ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சுத்தூசியோடு வந்து உட்கார்ந்து, கூட்டாளிகளின் முதல் (மூலதன) கணக்கைத் தப்பு எங்கே வருகிறது என்று தெரியும்வரை போட்டுப் பார்ப்பான். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லி இங்கே பதில் எழுதிய அண்ணனுக்கு நன்றி.

இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.காம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பித்தாயிற்று. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவனுக்கு அங்கேதான் இழுத்தது.

வீட்டு வாடகைதான் இன்னும் கவலை. ஞாயிறு மட்டும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். சரி, தேர்வு மாதத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்புறம், முதலாண்டு பி.காம் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.